கள்ளக்குறிச்சி மண்ணில் இத்தனை இசையா? தெரியுமா உங்களுக்கு?

தியாகராஜர் தம் கீர்த்தனையின் சரணத்தில் தம் பெயரையே வைத்து முடிப்பார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுக' என்று வைப்பார். சியாமா சாஸ்திரிக்கு 'சியாமகிருஷ்ண'. வாக்கேயகாரரின் முத்திரை என்று இதைச் சொல்வார்கள். பாட்டு வகுப்புக்குப் போகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் இந்த மூவரும் பிறப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரோடு தம் கிராமத்தின் பெயரையும் சேர்த்து வைத்துப் பாடிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கிராமம் இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. தெரியுமா?

ஊர், திருநாவலூர். உளுந்தூர்பேட்டையிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் இருக்கிறது. ஆள், சுந்தரமூர்த்தி நாயனார். முத்திரை, 'நாவலூரன்'! சில பதிகங்களில் 'நாவல் ஆரூரன்'. நாவலூர் பிறந்த ஊர், ஆரூர் தாயின் ஊரான திருவாரூர். இரண்டு ஊரையும் ஒரே முத்திரைக்குள் வைத்துவிட்டார் மனிதர். தம் ஊரான சீர்காழியைத் தம் பெயரோடு சேர்த்துப் பாடிய சம்பந்தர் காட்டிய வழி இது. பல நூற்றாண்டு கழித்து ஆந்திரத்தில் க்ஷேத்ரக்ஞர் தம் ஊரான முவ்வாவை 'முவ்வகோபால' என்று பதங்களில் வைத்ததும் இதே மரபுதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-இல். அதன் கிராமம் ஒன்றின் பெயரோ 1,200 ஆண்டுகளாக ஓதுவார்களின் வாயில் தினமும் ஒலித்துக்கொண்டிருக்கிறது!

இன்னொன்று கேளுங்கள். தேவாரம் பாடிய மூவரில் இருவர் ஒரே சிறு நாட்டுக்காரர்கள். திருமுனைப்பாடி நாடு என்று அந்தக் காலத்தில் பெயர். அப்பர் பிறந்த திருவாமூர், இன்றைய கடலூர் மாவட்டம். சுந்தரர் பிறந்த திருநாவலூர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். இருவரையும் தந்த நாடு என்று சேக்கிழாரே அந்த நாட்டைக் கொண்டாடுகிறார். கர்நாடக இசையின் வரைபடம் போடுகிறவர்கள் காவிரிக் கரையோடு நின்றுவிடுகிறார்கள். பெண்ணையாற்றுக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கும் இந்த நிலத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சரி, கல்வராயன் மலைக்கு வருவோம். 2,000 முதல் 3,000 அடி உயரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. அதற்கும் திருவாரூருக்கும் என்ன சம்பந்தம்? ஆறு இருக்கிறதே! மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறந்து, இறங்கி, விருத்தாசலம் கோயிலைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் சேர்கிறது. விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரர் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அவ்வளவு பொன்னைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் போவது எப்படி? மணிமுத்தாற்றில் போட்டுவிடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று இறைவன் சொல்ல, அப்படியே செய்தாராம். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். ஆற்றில் போடுவதற்கு முன்னால் மாதிரிக்கு ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார்!

ஆரூரில் கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவுகிறார். கரையில் மனைவி பரவையார் நிற்கிறார். பொன் அகப்படவில்லை. உடனே ஒரு பதிகம். பண், நட்டராகம். பொன் கைக்கு வந்தது. எடுத்து உரைத்துப் பார்த்தால், மாதிரிக்கு வெட்டி வைத்த துண்டைவிட மாற்று குறைவு! விடுவாரா? மறுபடியும் பாடினார், மாற்றும் சரியாயிற்று. கமலாலயக் கரையில் இன்றைக்கும் மாற்றுரைத்த பிள்ளையார் இருக்கிறார், போய்ப் பாருங்கள். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அந்தப் பேச்சின் பின்னால் ஓடும் ஆறு கல்வராயன் மலை ஆறு. தெரியுமா?

இந்தக் கமலாலயம் இருக்கும் ஊரில்தான் 1762-இல் சியாமா சாஸ்திரி பிறந்தார், 1767-இல் தியாகராஜர் பிறந்தார், 1775-இல் தீட்சிதர் பிறந்தார். மும்மூர்த்திகள் மூவருக்கும் ஒரே ஊர். தியாகராஜருக்கு வைத்த பெயரே ஆரூர்த் தியாகேசர் பெயர். சுந்தரர் தோழன் என்று உரிமையோடு சண்டை போட்டாரே, அதே சுவாமி! தீட்சிதர் அந்தச் சுவாமியின் மேல் எட்டு வேற்றுமைக்கும் கீர்த்தனை செய்திருக்கிறார். திருநாவலூர்ப் பிள்ளை ஆரூருக்குப் போய் இசை வளர்த்த மண்ணில் ஆயிரம் ஆண்டு கழித்து மூன்று பிள்ளைகள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

பண் என்றதும் ஏதோ மறைந்துபோன சங்கதி என்று நினைக்காதீர்கள். சுந்தரர் பாடியவை 38,000 என்று மரபு சொல்லும். நமக்குக் கிடைத்திருப்பவை ஏழாம் திருமுறையில் உள்ள 100 பதிகங்கள். அந்த நூறையும் 17 பண்களில் அமைத்திருக்கிறார்கள். பேர்களைச் சும்மா உரக்கப் படித்துப் பாருங்கள்: இந்தளம், தக்கராகம், நட்டராகம், கொல்லி, கொல்லிக்கௌவாணம், பழம்பஞ்சுரம், தக்கேசி, காந்தாரம், சீகாமரம், புறநீர்மை... ஓதுவார் பாடும்போது காதைக் கொடுத்தால் தெரிந்த முகமெல்லாம் தட்டுப்படும். தக்கேசியில் காம்போதி. பழம்பஞ்சுரத்தில் சங்கராபரணம். கௌசிகத்தில் பைரவி. புறநீர்மையில் பூபாளம். கொல்லியில் நவரோஸ். 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் இதற்கென்றே பண் ஆராய்ச்சிக் கூட்டங்களைக் கூட்டி, ஓதுவார்களையும் வித்வான்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்துப் பாட வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது.

இந்தப் பதினேழில் ஒன்றின் கதை என்னை விடுவதே இல்லை. செந்துருத்தி!

தேவாரம் முழுவதிலும், மூவர் பாடியதிலும், செந்துருத்திப் பண்ணுக்கு ஒரே ஒரு பதிகம்தான் இருக்கிறது. அதைப் பாடியவர் சுந்தரர். பாடிய நேரத்தை நினைத்துப் பாருங்கள். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, ஆரூர் நினைவு வந்து எல்லையைத் தாண்டிய நொடியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. தட்டுத் தடுமாறி நடக்கிறார். காஞ்சிபுரத்தில் இடக்கண் பார்வை திரும்பியது. வலக்கண்ணுக்காக ஆரூர் வாசலில் வந்து நிற்கிறார். அங்கே பாடியதுதான் செந்துருத்திப் பதிகம். கெஞ்சலா அது? கோபம்! ஆளாய் இருக்கிறவர்களை இப்படி வாட்டிவிட்டு நீர் மட்டும் நன்றாய் இருந்துகொள்ளும் என்று சுவாமியின் முகத்துக்கு நேரே, பாட்டுக்குப் பாட்டு, ஒரே முடிப்பில் குத்துகிறார். வன்றொண்டர் என்று பட்டம் சும்மாவா வந்தது? அந்தத் திரும்பத் திரும்ப வரும் முடிப்பு இருக்கிறதே, இன்றைய கச்சேரியில் பல்லவிக்குத் திரும்பி வருவது போல அது நம்மைக் கொண்டுவந்து இறக்கும்.

அந்தச் செந்துருத்தியை ஓதுவார்கள் எந்த ராகத்தில் பாடுகிறார்கள் தெரியுமா? மத்யமாவதி! ஆமாம், கச்சேரி முடியப்போகிறது என்று சபைக்குச் சொல்லும் அதே மத்யமாவதி. இந்நேரம்வரை பாடியதில் குற்றம் குறை ஏதும் இருந்தால் தீரட்டும் என்று வித்வான்கள் கடைசியில் எடுக்கும் ராகம். காந்தாரமும் இல்லை, தைவதமும் இல்லை, ஐந்தே ஸ்வரம். சியாமா சாஸ்திரியின் 'பாலிஞ்சு காமாக்ஷி', தியாகராஜரின் 'ராம கதா சுதா', தீட்சிதரின் 'தர்மசம்வர்த்தனி' எல்லாம் இதில்தான். மும்மூர்த்திகளும் தொட்ட ராகத்தில், அவர்கள் பிறந்த ஊரின் வாசலில் நின்று, ஒரு கண் தெரியாத திருநாவலூர்க்காரர் போட்ட சண்டை இன்றும் ஒலிக்கிறது. அடுத்த முறை மத்யமாவதி கேட்கும்போது எழுந்து போகாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்!

அவருடைய முதல் பதிகமும் இப்படிச் சண்டையில் பிறந்ததுதான். புத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். ஒரு கிழவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார். இவர் பித்தா என்று திட்டி ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று, பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்தார். வழக்கில் கிழவர் ஜெயித்தார். உம் வீடு எது என்று கேட்டால் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். பாடு என்று ஆணை வருகிறது. எனக்கு என்ன தெரியும், எப்படிப் பாடுவேன் என்று தவிக்கிறார் சுந்தரர். என்னைத் திட்டினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்று பதில் வந்ததாம்! பிறந்தது இந்தளப் பண். இன்று நாதநாமக்கிரியையில் கேட்கிறோம்.

கடைசிப் பதிகம்? பஞ்சமப் பண். வெள்ளை யானையில் கயிலை போகும்போது வானத்தில் பாடியது என்பார்கள், வயது 18 என்பார்கள். அந்தப் பதிகத்தைக் கடலரசன் கையில் கொடுத்துத் திருவஞ்சைக்களத்தில் சேர்க்கச் சொன்னாராம். பாட்டைக் கடல் வழியாக அனுப்பிய ஒரே வாக்கேயகாரர்! பஞ்சமத்தை இன்று ஆகிரியில் பாடுகிறார்கள். காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பயந்து ஒதுக்கும் வழக்கம் பாட்டுக்காரர்களிடம் உண்டு. ஓதுவார்களுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.

சுந்தரர் பாட்டைக் கேட்டு நடராஜரே நேரம் தப்பினார் என்ற கதை தெரியுமா? கொடுங்கோளூரில் சேரமான் பெருமாள் தினமும் பூஜை முடிக்கும்போது அவர் காதில் தில்லைச் சிலம்பொலி கேட்குமாம். ஒரு நாள் கேட்கவே இல்லை. பூஜையில் என்ன பிழை நேர்ந்ததோ என்று துடித்துச் சேரமான் உயிரை விடவே துணிந்து வாளை எடுத்துவிட்டார். அப்போதுதான் சிலம்பு ஒலித்தது. ஏன் இவ்வளவு தாமதம்? தில்லையில் சுந்தரன் வந்து பாடினான், அந்தப் பாட்டில் லயித்து இருந்துவிட்டோம் என்று பதில்! யார் அந்தச் சுந்தரன் என்று தேடிக்கொண்டு மலைநாட்டிலிருந்து புறப்பட்டு வந்த அரசர், கடைசிவரை பிரியாத நண்பரானார். ஒரு ரசிகருக்கு இதைவிடப் பெரிய கதை நம்மிடம் இல்லை.

அறுபத்துமூவர் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கிலும் திருநாவலூர் உண்டு. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பாடியது 60 தனியடியார்களை. பின்னால் வந்தவர்கள் சுந்தரரையும், தந்தை சடையனாரையும், தாய் இசைஞானியாரையும் சேர்த்தார்கள். 63 ஆயிற்று! நாயன்மாரில் பெண்கள் மூவரே. அவர்களில் ஒருவர் இந்த இசைஞானியார். சுந்தரரைத் தூக்கி வளர்த்த சிற்றரசர் நரசிங்கமுனையரையரும் நாயனார். பக்கத்தில் திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருளாரும் நாயனார். தொகையில் இசைக்காரர்களுக்கும் இடம் வைத்தார் சுந்தரர்: யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், குழல் ஊதிய ஆனாயர். திருக்கோலக்காவில் சம்பந்தருக்குத் தாளம் கிடைத்ததையும் பாட்டில் பதிந்து வைத்திருக்கிறார். மூத்த இசைக்காரரை இளையவர் மேடையில் கொண்டாடும் பண்பாடு அன்றே இருந்திருக்கிறது.

திருநாவலூர்க் கோயிலுக்குக் கல்வெட்டுப் பெயர் திருத்தொண்டீச்சுரம். கற்றளியாக எடுத்தவர் பராந்தக சோழன் மகன் இராசாதித்தன், 949-இல் தக்கோலப் போரில் யானை மேல் இறந்தானே, அவன்தான்.

இனி இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். உலகத்தில் எந்த ராஜா இசைக்குழுவின் சம்பளத்தை இப்படிக் கல்லில் எழுதினான்? அவனுடைய தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண். அந்தக் குலத்தின் ஊர் திருக்கோவிலூர். கள்ளக்குறிச்சி மாவட்டம்! மூவர் பதிகங்களைத் தேடித் தொகுக்க வைத்தவன் என்று மரபு சொல்லும் அரசனின் தாய்வீடு இங்கேதான் இருக்கிறது.

தேடிய பதிக ஓலை கிடைத்தது, மெட்டு? பதிகங்களின் பண் மறந்துபோயிருந்தது. தில்லையிலிருந்து வாக்கு வந்து, திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். அவர் பாடிக் காட்டப் பண்களை வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்த ஊர் விருத்தாசலத்துக்குத் தெற்கே, இன்றைய ராஜேந்திரப்பட்டினம். அந்தப் பெண்ணுக்குச் சிலை எத்தனை ஊரில் இருக்க வேண்டும்! தேவார இசை நம் காதுக்கு வந்ததே அவர் தொண்டை வழியாக என்றுதான் மரபு சொல்கிறது.

இன்னும் பின்னே, சங்க காலத்துக்குப் போவோம். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம். அந்தச் செங்கத்து அரசன் நன்னனைப் பார்க்கக் கூத்தரையும் பாணரையும் மலைவழியே அனுப்பும் சங்கப் பாட்டு மலைபடுகடாம், 583 அடி. தொடக்கத்திலேயே வாத்தியப் பட்டியல்: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. பத்தும் பைகளில் கட்டித் தொங்குவது பலாக்காய்க் கொத்து போல இருந்ததாம். பண்ருட்டிப் பலாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பிறகு மலையே பாட ஆரம்பிக்கும். அருவி விழும் ஓசை, தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்களின் குரல், உலக்கை போடும்போது பாடும் வள்ளைப்பாட்டு, யானையின் பிளிறல் என்று ஓசை ஓசையாகக் கேட்டு எழுதியிருக்கிறார் பெருங்கௌசிகனார். காதால் எழுதிய மலை அது.

திருக்கோவிலூரைத் தனியாகவே எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது. பாரி மகளிரைக் கொண்டுவந்து சேர்த்த கபிலர் உயிர் விட்ட இடம் இது என்று இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. மழை இரவில் ஓர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று பொய்கை, பூதம், பேய் ஆழ்வார்கள் மூவரும் நெருங்கி நின்று நூறு நூறாக அந்தாதி பாடியதும் இங்கேதான். அருணகிரிநாதர் சந்தத் தாளத்தோடு வந்து திருப்புகழ் பாடியதும் இந்த ஊரில். பெண்ணைக் கரைத் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளும், அவர் வழியில் வந்த ஹரிதாஸ்கிரி சுவாமிகளும் வளர்த்த நாமசங்கீர்த்தனம் இன்று சென்னை, மும்பை பஜனை மண்டபம் வரைக்கும் கேட்கிறது.

நம் காலத்துக்கு ஒன்று. சீர்காழி கோவிந்தராஜன் உருகி உருகிப் பாடிய 'சின்னஞ்சிறு பெண் போலே' எழுதியவர் யார் தெரியுமா? உளுந்தூர்பேட்டை சண்முகம்! ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட இன்னொரு கள்ளக்குறிச்சிக்காரர்.

இவ்வளவு இருந்தும் கச்சேரியில் தேவாரம் எப்போது வருகிறது? கடைசியில், துக்கடாவாக, நாலு வரி விருத்தமாக. இது போதாது என்பது என் துணிந்த கருத்து. மணிக்கணக்கில் ஆலாபனை செய்யத் தகுந்த ராகம், தானே பல்லவியாக நிற்கும் முடிப்பு, முத்திரை எல்லாம் உள்ள முழு உருப்படி அது.

ஆடி மாதம் சுவாதி நட்சத்திரம் சுந்தரர் குருபூஜை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பித் திருநாவலூர் போய்வாருங்கள். பிள்ளைகள் பாட்டுக் கற்றால், வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டு ஒரு சுந்தரர் பதிகத்தைப் பண்ணோடு, கடைசிப் பாட்டு வரைக்கும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார் இருந்தால், செந்துருத்தி பாடச் சொல்லி நீங்களே கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் அவர் பாடுவார்.